மாப்பிள்ளை கத்தியபோது அறையில் இருந்தவர்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அறையில் இருந்தவர்கள்: அப்பா, கட்டிலில். நான், கட்டிலின் தலைமாட்டில், உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு. சித்தப்பா, எனக்கு எதிரே நாற்காலியில். பகல் நேர நர்ஸ், நாங்கள் சிட்டு என்று கூப்பிடுகிற பெண், பக்கத்துக் குளியலறையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அப்பாவுக்குச் சளி எடுக்கிற பாட்டிலைக் கழுவியபடி. நீ, என் கையில், நாலு பக்கமாக. வேறு யாரும் இல்லை.

என்ன இது, அம்மா நலமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் போலீசுக்கு எழுதுகிற மாதிரி ஆரம்பிக்கிறாளே என்று பயந்துவிடாதே. எல்லோரும் நலம், அப்பாவும் நலம், இதை எழுதும்போது என் பக்கத்தில்தான் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார், நீயும் உன் வீட்டுக்காரரும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இப்படி ஆரம்பிக்கச் சொன்னது அப்பா. ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்த காலத்தில் சாப்பாட்டு மேஜையை அடைத்துக்கொண்டு விபத்து அறிக்கை எழுதுவாரே, உனக்கு ஞாபகம் இருக்கும், நாமெல்லாம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். முதலில் யார் யார் இருந்தார்கள், அப்புறம் என்ன நடந்தது, அப்புறம் காரணம், கடைசியில் இனி என்ன செய்ய வேண்டும், அதன் கீழே அங்கே இருந்த எல்லோருடைய கையெழுத்தும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் அறிக்கை மேலே போகாது. நம் வீட்டில் நடந்ததையும் அப்படியே உனக்கு எழுத வேண்டும் என்று எழுத்துப் பலகையில் நான் எழுத்தைக் காட்டக் காட்டப் புருவத்தாலேயே சொல்லிவிட்டார். ஆண்டவனும் அறையில் இருந்தார் என்று எழுதப் போனேன், கண்ணை மூடி வேண்டாம் என்றார். கையெழுத்துப் போட முடியாத சாட்சி எதற்கு என்று அவர் நினைத்திருப்பார். போகட்டும், இருந்தவருக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்லும் முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், நீ போன தடவை வந்துவிட்டுப் போன பிறகு வந்த பழக்கம் இது. மூச்சு மெஷினுக்குச் சித்தப்பா மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார். வீட்டில் நல்ல இடத்தை அவனுக்குத்தான் விடணும், கரண்டு போனா எல்லாருக்கும் முன்னாடி அவனைத்தான் கவனிக்கணும், குழாய்ல கொஞ்சம் தண்ணி நின்னாக்கூட மூஞ்சியத் தூக்கிட்டுக் கத்துவான், ஆனா அவன் இல்லாம வீடு ஓடாது, இவன் மாப்பிள்ளை இல்லாம வேற யாரு அண்ணி என்றார். (இதை உன் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டாதே, அவர் தங்கமானவர்.) அந்த மாப்பிள்ளையைக் கத்த வைக்க அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். காற்று உள்ளே வருகிற நேரம் பார்த்து, நெஞ்சில் மிச்சம் இருக்கிற கொஞ்ச பலத்தில் இறுக்கிப் பிடித்தால் மெஷினில் அழுத்தம் ஏறி மணி அடிக்கும், விட்டுவிட்டால் நின்றுவிடும். முதல் தடவை நான் மாடி வீட்டு டெய்லரம்மாவைப் பற்றி ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தேன், மணி அடித்தது, பதறிப் போய்ப் பார்த்தால் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், கண்ணில் அப்படி ஒரு குறும்பு. பேச்சு நின்றுபோன மனுஷனுக்கு மணி வாயாக வந்தது பாப்பா. என் பிரார்த்தனை நீண்டால் மணி. சித்தப்பா அளந்தால் மணி. பலகையில் அவர் எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது நான் அவசரப்பட்டு வார்த்தையைத் தப்பாக முடித்தால் மணி. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், உன் பாடப் புத்தகங்களில்தான் மீதியைப் படித்தேன், ஆனாலும் மெஷினோடு வந்த புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுக்கப் படித்திருக்கிறேன், மணி எதற்கெல்லாம் அடிக்கும் என்று அதில் ஒரு பக்கமே இருக்கிறது, மனுஷன் கிண்டலுக்கு அடிப்பான் என்று அதில் போடவில்லை. திரையைப் பார்த்தால் எதற்கு அடிக்கிறது என்று தெரியும், ஆனால் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தோம், அதுவும் அவர் கேட்டதுதான். ஏலத்தில் விட்ட மாதிரி என் பக்கத்தில் நம்பர் ஓடுகிறது, பிடிக்கவில்லை என்றார்.

இனி நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம் உன் கடிதம் வந்தது. உன் கடிதத்தை யாரும் தனியாகப் படிப்பதில்லை, அப்பாவுக்குச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சித்தப்பா காதில் சரியாக விழட்டும் என்று நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார். காற்றுக் குழாய் வளைந்து தொங்கியதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, மின்விசிறிக்குக் குளிரும் என்று போர்வையை வேறு அப்பாவின் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தில், அப்பாவை ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின்காரர்களுக்கென்றே இருக்கிற அந்த வார்டில் சேர்த்துவிடுங்கள், அங்கே எந்த நேரமும் ஆள் இருக்கும், உன் உடம்பு என்ன இரும்பா அம்மா என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த மாத்திரத்தில் மணி அடித்தது. சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பாத்தீங்களா அண்ணி, பொண்ணே சொன்னாலும் மாப்பிள்ளை விடமாட்டேங்கறான் என்றார், அண்ணா ஊதினது போதும், புள்ள என்ன சொல்லுதுன்னு கேளு என்றார். முழுசா படிக்க விடுங்க, அப்புறமா கோவப்படலாம் என்று சொல்லிவிட்டு நான் மணிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் படித்துக்கொண்டே போனேன். குளியலறையிலிருந்து சிட்டு, ஐயா, உங்க தம்பி கிளம்பற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க என்று குரல் கொடுத்தாள், குழாயை மூடக்கூட இல்லை. ஒரு பத்தி படித்தேன். போன் அடித்தாலே பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்று நீ எழுதியிருந்த பத்தி. பக்கத்தைத் திருப்பும்போது, சிரிக்கிறாரா முறைக்கிறாரா பார்ப்போம் என்று தலையைத் தூக்கினேன். மணி அடிக்கும்போது யாரைத் திட்டுகிறாரோ அவரைத்தான் அப்பா பார்ப்பார். அன்றைக்கு யாரையும் பார்க்கவில்லை. கண் கூரையில் நின்றது, உதடு மை தொட்ட மாதிரி இருந்தது.

போர்வையை விலக்கினால் குழாய், கழுத்துத் துளையில் மாட்டியிருந்த இடத்திலிருந்து கழன்று கிடக்கிறது. மாப்பிள்ளை ஒழுங்காகத் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தான், தலையணைக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தான். குழாயின் வளைவு நாற்காலியின் பின்காலில் மாட்டியிருக்கிறது, சித்தப்பா சிரித்துப் பின்னால் சாய்ந்தபோது இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. முதலில் அடித்தது அப்பா, அதற்கு அப்புறம் நிற்காமல் அடித்தது மாப்பிள்ளையே. எத்தனையோ தடவை மாட்டிப் பழகிய குழாய், என் கைக்கு அது பொருந்தவில்லை, கத்தினேன் போலிருக்கிறது, சிட்டு ஈரக் கையோடு ஓடி வந்து, கையால் அமுக்குகிற பையை வைத்து மூச்சு கொடுத்தாள், நான் கால்மாட்டில் நின்று ஆண்டவனே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாதவள் ஆகிவிட்டேன். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் எண் ஏறியது. உதட்டுக்கு நிறம் வந்தது. ஐயா, கேக்குதா என்று சிட்டு கேட்டதும் புருவத்தைத் தூக்கினார். டாக்டர் வந்து பார்த்தார், நெஞ்சில் சத்தம் சுத்தமாக இருக்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். அந்தப் பத்தியை நான் மறுபடி படிக்கவில்லை பாப்பா, கடிதத்தை அந்த இடத்திலேயே மடித்து வைத்திருக்கிறேன்.

கொஞ்சம் இரு, எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் இல்லை, தெருவில் ஏதோ வண்டி பின்னால் எடுக்கிற சத்தம். இப்போதெல்லாம் எது கீக்கீ என்றாலும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், அடுப்பில் பால் இருந்தாலும் ஓடுகிறேன், வந்து பார்த்தால் பால் வெளியே. உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் குழாயைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அம்மா, நீங்க இழுத்து இழுத்துப் பாத்தே கழட்டிடுவீங்க என்று சிட்டு கையைத் தட்டிவிடுகிறாள்.

இதை உனக்குச் சொல்லவே வேண்டாம் என்றார் சித்தப்பா. அவ தூரத்துல இருக்கா, தெரிஞ்சு என்ன பண்ணப் போறா அண்ணி, வார்டுல சேத்துடலாம், அவளும் அதைத்தானே கேக்கறா, விஷயம் முடிஞ்சுது என்றார். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் அப்பா மறுநாள் காலையிலேயே பலகையைக் கேட்டார். எழுது என்றார். நான் வரிசை வரிசையாக விரல் வைத்துக் காட்ட, அவர் புருவம் தூக்க, ஒரு வரி முடிய ஒரு காலைப் பொழுது ஆகிறது, அதிலேயும் நான் ஊகிக்கக்கூடாது. காரணம் என்கிற இடம் வந்தபோது, நாற்காலி, போர்வை, திருப்பி வைத்த திரை எல்லாம் நான் சொல்ல ஒத்துக்கொண்டார், ஆனால் அதற்கு மேலே முதல் காரணமாக ஒன்று போட வேண்டும் என்றார். எழுத்து எழுத்தாக வந்தது: சங்கு விளையாட்டுக்கு ஊதப்பட்டது.

உனக்கு இந்தக் கதை தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. சித்தப்பாவும் அதே ஆலையில் கொதிகலன் பிரிவில் இருந்தார். தன் மூத்த பெண் பிறந்த செய்தி வந்ததும் சந்தோஷம் தாங்காமல் ஆபத்துக்கு ஊதுகிற ஆலைச் சங்கை ஊதிவிட்டார். பயந்து எல்லோரும் வெளியே ஓடினார்கள். அப்பாதான் அறிக்கை எழுதினார், கூடப் பிறந்த தம்பி என்று பார்க்கவில்லை, சங்கு விளையாட்டுக்கு ஊதப்பட்டது, அடுத்த முறை ஊதினால் நிஜமா என்று நின்று யோசிப்பார்கள், யோசிக்கிற நேரத்தில் ஆள் செத்துவிடுவான் என்று எழுதினார். சித்தப்பாவுக்கு அந்த வருஷம் பதவி உயர்வு போயிற்று. இத்தனை வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிக் குத்துவார், அப்பா மணி அடிக்க ஆரம்பித்ததிலிருந்து, இப்ப அண்ணனே ஊதறார், யாரு ரிப்போர்ட் எழுதறதுன்னு பாப்போம் என்று கேலி வேறு. அந்த வரியைக் காகிதத்தில் பார்த்ததும் மனுஷன் செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து வெளியே போய்விட்டார், ரொம்ப நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார்.

வார்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நல்ல இடம். சுத்தம். பெரிய கூடம், வரிசையாகக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாப்பிள்ளை, நடுவில் பெரிய திரையின் முன்னால் எந்த நேரமும் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்கிறாள், மணி அடித்தால் அந்தக் கட்டிலுக்கு நடந்து போவதில்லை, ஓடுகிறாள். சிடுசிடுப்பு இல்லாத பெண்கள். எழுத்துப் பலகை வைத்துப் பேசுவீர்களா என்று கேட்டேன். மனசு வச்சாலும் நேரம் கிடைக்காதும்மா, வேணும் வேண்டாம் கேட்டுப்போம் என்று உள்ளதைச் சொன்னாள் ஒருத்தி. அவள்மேல் தப்பில்லை. இந்த மாதக் கடைசி வரைக்கும் ஒரு கட்டிலை நமக்காக நிறுத்திவைக்கிறார்களாம். முன்பு வார்டு என்றாலே எனக்குக் கோபம் வரும், நீ எழுதியதைக்கூடக் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் படிக்க ஆரம்பித்தேன். இப்போது ஒரு நேரம் அனுப்பிவிடலாம் என்கிறேன், அடுத்த நேரம் அந்தக் கூடத்தில் அவர் ஒரு நாள் முழுக்க வேணும் வேண்டாம் என்ற இரண்டு வார்த்தையோடு படுத்திருப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இத்தனை பேர் சேர்ந்து பேசுகிறோமே தவிர, போகிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது வார்டிலிருந்து திரும்பி வரும்போதுதான் உறைத்தது. வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், என்னங்க, உங்களுக்கு எங்க இருக்கணும்.

வீடு என்றார், அது சட்டென்று வந்துவிட்டது. அப்புறம் இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். உனக்கு முடி என்று வந்ததும் நான் வழக்கம்போல அவசரப்பட்டு, ஆமாங்க நரைச்சுப்போச்சு, அதுக்கு இப்ப என்ன என்றேன். அவர் மணி அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் மறுபடி விரலை வைத்தேன். உனக்கு முடியுமா என்று கேட்டிருக்கிறார். எழுந்து போய்த் துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். அப்புறம் வந்து, முடியும், ஆனா பயமா இருக்கு என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் அறிக்கையின் கடைசிப் பகுதி. திரையைத் திருப்பி வை. நாற்காலி கால்மாட்டில். குழாய் மேல் போர்வை கூடாது. இனி நான் அடிக்க மாட்டேன்.

அன்றையிலிருந்து அடிக்கவே இல்லை. சித்தப்பா வேண்டுமென்றே பழைய கதைகளைத் தப்புத் தப்பாக அளந்து பார்த்தார், நான் பிரார்த்தனையைத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தேன், ஊஹும். நேற்று மாடியிலிருந்து டெய்லரம்மா இறங்கி வந்து, என்னக்கா, சார் இப்பல்லாம் யாரையும் திட்டறதே இல்லையா, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். மணி அடித்தால் அது ஆபத்துதான் என்று இப்போது நிச்சயம், எனக்கு அதற்காகவே நிம்மதி வர வேண்டும், வரவில்லை. வீடு அப்படி ஒரு அமைதி. அவருக்கு இருந்த ஒரே குரலை எங்களுக்காக அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். மூச்சு இருக்கிறது, மனுஷன் எங்கே போனார் என்று தேடுகிற மாதிரி இருக்கிறது.

மெஷினைச் சரிபார்க்க வருகிறவர் வந்தபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். கன்னத்தில் ஒட்டுகிற மாதிரி சின்ன பட்டன் ஒன்று இருக்கிறதாம், லேசாகக் கன்னத்தை அசைத்தால் போதும், தனியாக ஒரு சத்தம் கொடுக்கும், மாப்பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாதாம். என்ன சத்தம் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம் என்று தன் போனில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். மணி, விசில், பறவை. சித்தப்பா ஆடு கத்துகிறதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அப்பா எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிவிட்டார். பிறகு பலகையைக் கேட்டார். பாப்பா குரல் என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை, அப்புறம் புரிந்து, அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இந்தா, இங்க பாரு, அதோடு சரி. நீ நடக்க ஆரம்பித்ததும் அதுவும் போயிற்று, என்ன வேண்டுமானாலும் உன்னைத்தான் அனுப்புவார், நீ தடதடவென்று அடுப்படிக்கு ஓடி வந்து, அம்மா, அப்பா கூப்பிடறாரு என்பாய். அவர் என்னைக் கூப்பிட்டதென்றால் அது உன் குரலில்தான் கூப்பிட்டிருக்கிறார். அந்த மூன்று வார்த்தையைத்தான் கேட்கிறார். போனில் சொல்லி அனுப்பு, பதிந்துகொள்ளலாம் என்கிறார் மெஷின்காரர். வீட்டிலே இருந்தாலும் சரி, வார்டுக்குப் போனாலும் சரி, அது அவரோடு இருக்கும்.

இதையெல்லாம் போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் நடுவழியில் நின்றுவிடும், அதனால்தான் எழுத்தில். பட்டனுக்கு என்ன ஆகும் என்று பணம் அனுப்பக் கிளம்பாதே, வரவு செலவு எல்லாம் என்னிடம் நேராக இருக்கிறது, இந்தக் கடிதத்தில் கணக்கு கிடையாது. நேரத்துக்குச் சாப்பிடு, வேலைக்கு நடுவில் எழுந்து நட, கழுத்து வலி என்றாயே, தலையணையை மாற்று. போன் அடித்தால் பயப்படாதே என்று சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை இல்லை, நானும் அப்படித்தான் எழுந்து உட்காருகிறேன், இரண்டு பேரும் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள். ஆண்டவன் உன்னையும் மாப்பிள்ளையையும், நான் சொல்வது உன் வீட்டுக்காரரை, ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

நீயும் அறையில் இருந்தவள் என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார், உன் கையெழுத்து வராமல் அறிக்கை முடியாது, வார்டுக்கு என்ன பதில் சொல்வது என்பதும் முடியாது. வீடு என்பது உனக்குச் சம்மதம் என்றால் கையெழுத்து மட்டும் போடு. சம்மதமில்லை என்றால் அதை எழுதி, கீழே கையெழுத்துப் போடு, ஆலையிலும் அப்படி எழுதுகிறவர்களை அவர் மதித்துத்தான் வைத்திருந்தார், வார்டு என்று நீ எழுதினாலும் அவர் முகம் கோணாது, நானும் கோண மாட்டேன். இந்தத் தாளையே திருப்பி அனுப்பு.

எழுதியது, உன் அம்மா.
அப்பா: கட்டைவிரல் ரேகை. புருவம் தூக்கிய பிறகுதான் கையைப் பிடித்து வைத்தேன்.
சித்தப்பா: கையெழுத்துப் போட்டிருக்கிறார், மை கொஞ்சம் கலைந்திருக்கிறது.
சிட்டு: போட்டிருக்கிறாள்.
மகள்:

மாதக் கடைசிக்குள் வேண்டும், சீக்கிரம் பதில் போடு.